அப்பாவின் சராசரிக் காது

இசக்கிமுத்து மகளின் காதுகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாளையங்கோட்டைச் செவி நிலையத்தில் மாதம் ஒருநாள் அவனுக்கும் மனைவி பிரம்மசக்திக்கும் இந்தப் பாடம் உண்டு. செவிமாற்றி பார்வைக்குச் சாதாரணக் குல்லாதான். ஒருவர் கேட்கும் விதத்தை அளந்து வைத்துக்கொண்டு, மாட்டியவரின் மூளைக்கு அதை அப்படியே கொடுத்துவிடும். அரை மணிக்கு மேல் போனால் தலை சுற்றும் என்பதால் வீட்டுக்குக் கொடுப்பதில்லை.

முதல்முறை போட்டபோது, மேலே ஓடிய மின்விசிறி அவன் மண்டைக்குள் மரம் அறுத்தது. ‘சத்தம் சத்தம்னு பிள்ளை சும்மா அடம்பிடிக்கா’ என்று நான்கு வருடம் சொல்லிவந்த வாய் அன்றைக்கு அடைத்துப்போனது. மிக்சி மொட்டைமாடிக்கு ஏறியது. கல்யாண வீடுகளில் மேளம் வருமுன் மொய் எழுதிவிட்டுக் கிளம்பினார்கள். ஒவ்வொரு மாதமும் புதிதாக ஏதாவது தெரியவந்தது, பாடம் முடிந்தபாடில்லை.

இப்போது செவித்தணிப்பு வந்திருக்கிறது. ஒரே ஊசி. ஒன்பது வயது செந்தூரியின் காது எல்லோருடையதையும் போல ஆகிவிடும், திரும்ப மாற்ற முடியாது. ஆகவே பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்பது சட்டம். சாதாரணக் காது ஒன்றை அவள் மாட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும்.

“அப்பாவோட காதையே குடுப்போம். அளந்து பாத்தாச்சு, சரியான சராசரி” என்றாள் நிலையத்து ஜெசிந்தா, அவன் தலையிலிருந்து குல்லாவைக் கழற்றியபடி.

“கல்யாணம் ஆனதுல இருந்து நானும் அதத்தான சொல்லுதேன்” என்றாள் பிரம்மசக்தி.

இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. காதைப் பொத்தாமல் பிள்ளை ஒருநாள் தெருவில் நடப்பதைப் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை அவனுக்கு இல்லை.

குல்லாவை மாட்டியதும் செந்தூரியின் கைகள் காதைவிட்டு இறங்கின. முகம் தெளிந்தது. அவன் அழுதேவிட்டான்.

ஆனால் அவள் எழுந்து எதையோ தேட ஆரம்பித்தாள். சுவரில் காதை வைத்தாள். தண்ணீர்க் குழாயில் வைத்தாள். ஜன்னல் வழியே வேப்பமரத்தை முறைத்துப் பார்த்தாள். கடைசியில் அம்மாவின் முதுகில் காதை அழுத்தி வெகுநேரம் நின்றாள். பிறகு குல்லாவைக் கழற்றினாள். கண்கள் நிறைந்திருந்தன.

“ஏட்டி, வலிக்கா?” என்று பதறினான் இசக்கிமுத்து.

பேசுவதே அபூர்வமான பிள்ளை அது. யாரையும் கிட்டே அண்டவிடாது. அது தானாகவே கையை நீட்டி அவன் காதைத் தடவியது.

“அப்பாக்கு அம்மா கேக்கல. அப்பா பாவம்.”

அவன் விரலைப் பிடித்து இழுத்துப் பச்சைப் பொத்தானில் வைத்தாள். “அப்பாக்கு ஊசி.”

ஜெசிந்தா சங்கடத்துடன் சிரித்தாள். “காதைக் கூட்டுத ஊசி இன்னும் வரலியே, கண்ணு.”

இசக்கிமுத்து விரலை எடுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

“வாங்க, வீட்டுக்குப் போவோம். அவதான் சொல்லிட்டாள்ல” என்றாள் பிரம்மசக்தி.

தெருவில் வழக்கமான இரைச்சல். செந்தூரி முகம் சுளித்தாள். ஆனாலும் ஒரு காதைத்தான் பொத்தியிருந்தாள். இன்னொரு கை அப்பாவின் விரலைப் பிடித்திருந்தது. கேளாதவரைக் கூட்டிப்போவதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். “பஸ். அணில். பாப்பா அழுது.” இத்தனை சொற்களை அவள் ஒரே நாளில் பேசி அவர்கள் கேட்டதில்லை.

சட்டென்று நின்றாள். “மழை.”

வானம் வெளுத்துக் கிடந்தது. இசக்கிமுத்து காதைத் தீட்டினான். ஒன்றும் இல்லை.

“ஆமாட்டி, கேக்கு” என்றான்.

“பொய்” என்றாள் செந்தூரி.

அவள் கோபப்படவில்லை. அவனைக் குனியவைத்து, இரண்டு கைகளாலும் அவன் தலையைப் பிடித்து மேற்கே, மலை இருக்கும் பக்கம் திருப்பினாள். பாடம் ஏறாத பிள்ளைக்குச் சொல்வதுபோல, மெதுவாக, இன்னொரு முறை சொன்னாள்.

“மழை.”