பதில் சொன்னால் திறவாத கதவு

மன்னார்புரத்தைத் தாண்டி, கருவேல மரங்களுக்கு நடுவே போன மண்பாதையின் முடிவில் பெலிண்டா ஸ்கூட்டியை நிறுத்தினாள். வெயில் உச்சியில் இருந்தது. பின்னால் உட்கார்ந்து வந்த தம்பி பிராங்க்ளின், வயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். அவள் கட்டடப் பொறியாளர், அவன் எலக்ட்ரீஷியன். பொன்மலையில் ஒரே வீட்டில் இருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு அவனும், அவனுக்கு அவளும்தான்.

"வாங்க மேடம், வாங்க," என்று பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார் ஜெகபர் சாதிக். அங்கிருந்த பழைய கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து விருந்து மண்டபமாக மாற்றப் போகிறவர் அவர். "சுவரு தாங்குமான்னு பாத்துச் சொல்லுங்க. தாங்கலன்னாலும் தாங்கும்னே சொல்லுங்க. ரெண்டு கல்யாணத்துக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"பிரியாணியில கல்லு கிடந்தா எங்களக் கேக்காதீங்க பாய்," என்றான் பிராங்க்ளின்.

"உங்க தம்பிக்கு வாய் ஜாஸ்தி மேடம்."

"அது ஒண்ணுதான் பாய் அவன்கிட்ட நல்லா வேலை செய்யுது. மூச்சுதான் சரியில்ல," என்றாள் பெலிண்டா. அவனுடைய இன்ஹேலர் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. பத்து நிமிட வேலைதானே என்று எடுக்கவில்லை.

கட்டடம் ஒரே ஒரு நீண்ட அறை. இரண்டரை அடி கனத்தில் சுவர். ஜன்னல் கிடையாது. கூரையில் கையகலத் துளை ஒன்று, கனமான கதவு ஒன்று, அந்தக் கதவின் அடியில் ஒரு சட்டி நுழையும் அளவுக்குத் தூக்கித் திறக்கும் சிறு பலகை. ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள அந்தக் காலத்து நம்பிக்கை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கெட்ட காற்றால்தான் காலரா பரவுகிறது என்று அன்று ஆண்ட வெள்ளைக்காரர்கள் நினைத்தார்கள். தண்ணீரை அவர்கள் சந்தேகிக்கவில்லை. ஆகவே வெள்ளைக்காரர் குடியிருப்பை நிர்வகித்த குழு, ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி முடிந்து தெற்கே நடந்து திரும்பிய யாத்ரீகர்களில் வாந்தி எடுத்தவர்களைப் பிடித்து இங்கே அடைத்தது. நோயாளியை அல்ல, அவன் விடும் மூச்சைத்தான் அவர்கள் சிறை வைத்தார்கள்.

உள்ளே போனதும் பெலிண்டாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய கட்டடங்கள் எப்படி இயங்கின என்று படிப்பது அவளுக்குக் கல்லூரி நாட்களிலிருந்தே பிடிக்கும்.

"இந்தக் கதவு எப்படி வேலை செஞ்சுது தெரியுமாடா? காலையில ஒரு சேவகன் வந்து தடியால தட்டுவான். 'உள்ள யார் இருக்கா?'ன்னு கேப்பான். பதில் வந்தா பலகையத் தூக்கிக் கஞ்சிய உள்ள தள்ளிட்டுப் போயிடுவான். கதவைத் திறக்கக் கூடாது. பதில் வரலன்னாத்தான் திறக்கணும்."

"எதுக்கு?"

"வண்டியில ஏத்த. பின்னாடி பள்ளத்துல போட்டு சுண்ணாம்பு கொட்டி மூட."

அந்த முறைக்கு மருத்துவர் தேவையில்லை. நாடி பார்க்கத் தெரிய வேண்டாம். சேவகன் யோசிக்க வேண்டியதே இல்லை. அதனாலேயே அது பிசகாமல் நடந்தது. ஆனால் காலராவில் உடம்பின் நீர் வற்றும்போது, உயிருக்கு முன்னால் குரல் போய்விடும்.

"உசுரு இருந்தும் பேச முடியாதவன்?" என்று கேட்டான் பிராங்க்ளின்.

அவள் பதில் சொல்லுமுன் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே கனத்த மரச்சட்டம் ஒன்று கொக்கியில் விழுந்தது. அவர்கள் உள்ளே வந்தபோது அந்தக் கதவில் சட்டம் எதுவும் இல்லை. காலையில் ஜெகபர் அனுப்பிய படத்தில் கொக்கிகூட இல்லை.

"பாய்! விளையாடாதீங்க, திறங்க!"

பதில் இல்லை. போனில் சிக்னல் இல்லை. இருவரும் தோளால் மோதினார்கள். கதவு சுவரைப்போல் நின்றது. எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பின் காரமும், அதற்கு அடியில் புளித்த வாடையும் வந்தன.

கூரைத் துளையிலிருந்து விழுந்த வெளிச்சம் மஞ்சளாகியது. சிவந்தது. அணைந்தது. பின் சாம்பல் நிறத்தில் மெல்ல வெளுத்தது.

கதவில் தடி தட்டியது.

"உள்ள யார் இருக்கா?"

கோபமும் இரக்கமும் இல்லாத, வேலை பார்க்கும் குரல்.

"இருக்கோம்! ரெண்டு பேர் இருக்கோம்! திறங்கய்யா!" என்று இருவரும் கத்தினார்கள்.

அடிப்பலகை உயர்ந்தது. ஒரு மண்சட்டி உள்ளே நகர்ந்து வந்தது. பலகை விழுந்தது. காலடிகள் போய்விட்டன.

பிராங்க்ளினுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. சுவரில் சாய்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு மூச்சும் விசில்போல் வந்தது. "அக்கா, சீட்டுக்கு அடியில..." என்றான். அவன் முதுகை நீவிவிட்டபடி அவள் கூரைத் துளையையே பார்த்தாள். அது மறுபடி சிவந்து, இருண்டு, வெளுத்தது.

தடி தட்டியது.

"உள்ள யார் இருக்கா?"

"என் தம்பிக்கு மூச்சு முட்டுது! உங்களக் கும்பிடுறேன், திறங்க!"

சட்டி வந்தது. காலடிகள் போயின.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கத்தக் கத்த அவளேதான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய், கேளு. அடுத்த தடவை நாம பேசக் கூடாது. இருமக் கூடாது. பேசாம இருந்தா கதவு திறக்கும். புரியுதா?"

அவன் தலையசைத்தான். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

துளை இருண்டது. வெளுத்தது.

காலடிகள் வந்தன.

தடி தட்டியது.

"உள்ள யார் இருக்கா?"

பிராங்க்ளினின் நெஞ்சு குலுங்கியது. இருமல் மேலேறுவதை அவன் முதுகில் வைத்திருந்த கையால் உணர்ந்தாள். அவன் வாயைப் பொத்தினாள். மூக்கு வழியாக விசில் வந்தது. மூக்கையும் பொத்தினாள்.

மாதாவே, ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். நகங்கள் பதிந்தன. அவள் இன்னும் இறுக்கினாள்.

"உள்ள யார் இருக்கா?"

நகங்கள் தளர்ந்தன.

வெளியே மரச்சட்டம் நகரும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசியது. அவள் கையை எடுத்தாள். "திறந்துடுச்சுடா! எந்திரி! பிராங்க்ளின், எந்திரிடா!"

வாசலில் நின்றவன் அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான். முகம் தெரியவில்லை. தலைப்பாகையும் தடியும் மட்டும் தெரிந்தன. அவன் குனிந்து, பேசாமல் கிடந்தவனின் கணுக்கால்களைப் பிடித்தான். தரையில் முதுகு உரச வெளியே இழுத்தான். பேசியவளை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

வண்டிச் சக்கரங்கள் உருண்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஓர் இருமல் கேட்டது.

உயிருள்ளவனின் இருமல்.

அவள் கதவில் நெற்றியை மோதி மோதிக் கத்தினாள். கத்தியதால் அது திறக்கவில்லை.

"என்ன மேடம், என்ன ஆச்சு?"

ஜெகபர் சாதிக் அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் கதவு அகலத் திறந்து கிடந்தது. வெயில் உச்சியிலேயே நின்றது.

"பிராங்க்ளின் எங்க பாய்?"

"உங்க கூடத்தான உள்ள வந்தாரு? நான் வாசல்லதான் உக்காந்திருந்தேன். கதவு திறந்தேதான் இருந்துச்சு. யாரும் வெளிய வரல மேடம்."

கட்டடத்தின் பின்பக்கம் ஓடினாள். முள்ளும் புல்லும் மண்டிய வெறும் திடல். புல் எங்கும் மடங்கியிருக்கவில்லை. போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள்.

அவள் காலுக்குக் கீழே, மண்ணுக்குள், ஒரு போன் மெதுவாக அடித்தது.

ஜெகபருக்கும் அது கேட்டது. பக்கத்தில் மனை சீர்செய்துகொண்டிருந்த ஜேசிபியைக் கையோடு அழைத்து வந்தார். ஆளுயரம் தோண்டியதும் வாளியின் பற்கள் வெள்ளையாக ஒன்றில் மோதித் துள்ளின. சுண்ணாம்பு. பல தலைமுறை மழையில் இறுகிப் பாறையான சுண்ணாம்பு. குழியின் அகலம் முழுக்க ஒரு விரிசல்கூட இல்லாமல் படர்ந்திருந்தது. யாரும் அதை உடைத்து உள்ளே போயிருக்க முடியாது. போன் அதற்கும் கீழே அடித்தது.

"நான் இதைத் தொட மாட்டேங்க," என்று டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

பெலிண்டா குழிக்குள் இறங்கினாள். சுண்ணாம்பின்மேல் குப்புறப் படுத்துக் காதை அழுத்திக்கொண்டாள். மறுபடி அழைத்தாள். கீழே மணி அடித்தது, நின்றது. யாரோ எடுத்திருந்தார்கள்.

"பிராங்க்ளின்? டேய், அக்காடா. ஒரு வார்த்தை பேசுடா."

நெருக்கமாகப் பலர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் அமைதி. பிறகு அவன் குரல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று பயந்த கிசுகிசுப்பில் வந்தது.

"கூப்பிடாதக்கா. நீ சொன்ன மாதிரி நாங்க எல்லாரும் பேசாமத்தான் இருக்கோம். இன்னும் திறக்கல."