ஆறு பன்னிரண்டில் ஓடிய வண்டி

2006 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை. மாலை 6.20.

மேல்கந்தைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பின்படிக்கட்டைக் கூட்டப் போன நல்லம்மா, அடிப்படியில் காவல்காரர் வீரய்யா குப்புறக் கிடப்பதைக் கண்டாள். பின்மண்டை உடைந்திருந்தது. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்துக்கு முன்னால்தான் அவர் ஆறு மணிச் சங்கை ஊதியிருந்தார்.

அவர் காலடியில் ஒன்றரை அடி நீள வண்டியொன்று சாய்ந்து கிடந்தது. முன்னால் கூரான இரும்புத் தகடு, முதுகில் சின்னக் கெமரா. அது யாருடையது என்று நல்லம்மாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவள் மகன் ரஜீவ் ஒரு வருடமாகச் சோறு தண்ணி மறந்து கட்டிய சண்டை வண்டி அது.

இரவு எட்டு மணிக்குப் பொலிஸார் ரஜீவையும் அவனுடைய லெப்டொப்பையும் கொண்டு போனார்கள்.

மறுநாள், பகல் 2.15.

கேசினி பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது, நல்லம்மா வாசலில் குந்தியிருந்தாள். கேசினி தோட்டத்துக் கணினி வகுப்பின் ஆசிரியை. ரஜீவும் கேசினியின் தம்பி சேந்தனும் அவளிடம்தான் படித்தார்கள். அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும் சண்டை வண்டிப் போட்டிக்காக மூவரும் சேர்ந்துதான் அந்த வண்டியைக் கட்டினார்கள். லெப்டொப்பில் இருந்து ரேடியோ வழியாக வண்டிக்குக் கட்டளை போகும். வண்டி காண்பதும் கேட்பதும் நேரம் பொறித்த வீடியோவாக லெப்டொப்பில் பதியும்.

"டீச்சர், வீரய்யா அண்ணன் இன்னும் கண்ணு தொறக்கலையாம். எம்புள்ளைய கொழும்புக்கு அனுப்பப் போறாங்களாம். போனவங்க யாரு திரும்பி வந்திருக்காங்க, சொல்லுங்க?"

"நேற்று அந்த இடத்தில வேற ஏதாவது கண்டனீங்களா?"

"என்னத்தக் கண்டேன். படியில தேத்தூள் கொட்டிக் கிடந்திச்சு. ஆளுங்க அவரத் தூக்கிட்டுப் போனதும் கூட்டித் தள்ளிட்டேன். கை சும்மா இருக்குதா?"

காலையிலிருந்து கேசினி ஒன்றும் சாப்பிடவில்லை. விடிந்ததும் துணி ஊறப்போட்டாள். சேந்தனின் சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டையும் வண்டிச் சாமான் ஒன்றையும் எடுத்துத் தன் கைப்பையில் போட்டாள். அந்தச் சட்டையை அலசக்கூட மறந்துவிட்டு ஓடி வந்திருந்தாள்.

உள்ளே சப் இன்ஸ்பெக்டர் இப்றாஹீம் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. கை கட்டப்பட்ட மனிதர்.

"நாலு மணிக்குக் கொழும்பு ஜீப் வருது டீச்சர். கெமராவும் ரேடியோவும் பூட்டின வண்டி. வெச்சிருந்தவன் தமிழ்ப் பொடியன். அவங்க அத விளையாட்டுச் சாமான் எண்டு பாக்க மாட்டாங்க. ஜீப்புல ஏத்தினா அதுக்குப் பொறகு என்ட கையில ஒண்டுமில்ல."

"ரஜீவ் என்ன சொல்லுறான்?"

"நீங்களே கேளுங்க."

கம்பிக்குப் பின்னால் ரஜீவின் உதடு வீங்கியிருந்தது.

"வகுப்பு வாசல்ல இருந்து ஓட்டினேன் டீச்சர். தொழிற்சாலைச் சரிவுல எறங்குனதும் வண்டி செத்துப்போச்சு. பேட்டரி போயிருச்சுன்னு நெனச்சு லெப்டொப்ப அப்படியே வச்சிட்டுத் தேடிப் போனேன். வண்டியக் காணோம். சங்கு ஊதுறப்ப நான் தேயிலைக்குள்ளதான் தேடிக்கிட்டிருந்தேன்."

"யாராவது கண்டவையா?"

"இல்லைங்க."

அகப்பட்டவனுக்கு அட்டமத்துச் சனி. சாட்சியில்லாதவன் சொல்லை யார் நம்புவார்கள்?

இப்றாஹீம் லெப்டொப்பைத் திறந்து வீடியோவை ஓடவிட்டார். தொடக்கம் 5.55. புல், கல், பந்தடிக்கும் பிள்ளைகளின் கூச்சல், மோட்டர் இரைச்சல். பிறகு சரிவு. தொழிற்சாலைச் சுவர். 6.12க்குப் படம் சட்டென்று அறுந்தது.

"ஆறு மணிக்கு வீரய்யா சங்கு ஊதினாரு. ஆறு இருபதுக்குக் கெடந்தாரு. ஆறு பன்னிரண்டுக்கு வண்டி அங்கதான் ஓடியிருக்கு. ஓங்கட தம்பியும் அதத்தான் சொன்னாரு." ஒரு தாளை எடுத்து வாசித்தார். "'நான் தொழிற்சாலை ஒபிசில் இருந்தேன். ஆறு பன்னிரண்டுக்கு அலறல் கேட்டது. வண்டி இரைந்து ஓடியதையும் கேட்டேன்.' நேத்து ஏழு மணிக்குச் சொன்னது. மூண்டரைக்குக் கையெழுத்து வெக்க வாறாரு."

கேசினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் இருந்த நேரம் கண்ணில் பட்டதும் திடுக்கிட்டு எழுந்தாள்.

"மூண்டு பத்தா? இன்னும் ஐம்பது நிமிசம்தானே இருக்கு!"

"இல்ல டீச்சர், ரெண்டு நாற்பதுதான்." சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

நாலு நாளைக்கு முன், புத்தாண்டு கழிந்த இரவில், நாடு முழுவதும் கடிகாரத்தை அரைமணி பின்னால் தள்ளி வைத்தது. வகுப்பிலிருந்த ஆறு கணினிகளிலும் கேசினி தானே நேரத்தை மாற்றினாள். லெப்டொப் அன்று தொழிலாளர் லயத்தில் ரஜீவின் வீட்டில் இருந்தது. அதை மறந்தே போனாள். தன் மறதிக்காக ஒரு பிள்ளை கம்பிக்குள் அடிவாங்கியிருக்கிறான் என்று நினைக்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

"இதில ஆறு பன்னிரண்டு எண்டால் உண்மையில ஐந்து நாற்பத்திரண்டு," என்றாள்.

"பொறகு மாறியிருந்தா? லெப்டொப் நேரம் நேத்துச் சரியா இருந்திருக்கலாமே?"

"திரும்பப் போடுங்கோ. ஆறு மணி வரேக்கை சத்தத்தைக் கூட்டுங்கோ."

5.59. 6.00. 6.01. பந்து உருளும் சத்தம். ஒரு பிள்ளை சிரித்தது. மூன்று மலைக்கு அப்பாலும் கேட்கும் தொழிற்சாலைச் சங்கு அந்த வீடியோவில் ஊதவேயில்லை.

இப்றாஹீம் நீண்ட மூச்சு விட்டார். "சரி. வீரய்யா விழ முந்தியே வண்டி நிண்டு போச்சு. அப்ப அங்க கொண்டு போய் வெச்சது யாரு? ரஜீவே எடுத்திட்டுப் போயிருக்கலாமே? ஆளச் சொல்லாம நான் இவன விட ஏலாது."

"வண்டியை ஒருக்கால் காட்டுங்கோ."

மேசையில் வைத்ததும் அவள் அதைப் புரட்டினாள். அடிவயிற்றில் தீப்பெட்டி அளவு ஒரு குழி. காலி. அதில் இருக்க வேண்டியது ஒரு சிவப்பு ப்ளக். அதைப் பிடுங்கினால் வண்டிக்கு உயிர் இல்லை, கெமராவும் செத்துவிடும். 'விரல் போகாமல் இருக்க வேணுமெண்டால், வண்டியில கை வைக்க முன்னம் ப்ளக்கைப் பிடுங்கிப் பையில போடு.' அவளே ஆயிரம் தரம் சொல்லிச் சொல்லிப் பழக்கிய பாடம். வேறு யாராவது வண்டியைத் தூக்கியிருந்தால் அந்தக் குழி இருப்பதே தெரிந்திருக்காது. பழகியவர்கள் மூன்றே பேர்.

கேசினியின் கை தானாகக் கைப்பையை இறுகப் பற்றியது.

பஸ் டிக்கெட்டோடு காலையில் எடுத்துப் போட்ட அந்தச் சிவப்புச் சாமான் உள்ளேதான் இருந்தது.

நேரம் 2.55. அப்பா கனகரத்தினம் இதே தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து இறந்தபோது சேந்தனுக்கு ஒன்பது வயது. சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி, தொழிற்சாலை ஒபிசில் வேலைக்குச் சேர்த்தவள் அவள். பையைத் திறக்காமலே எழுந்து போகலாம். நாலு மணிக்கு ஜீப் வரும், எல்லாம் அதோடு போய்விடும். வாசலில் நல்லம்மா யாரோடோ இருமிக்கொண்டே பேசும் குரல் கேட்டது. முக்கால் மணி நேரம் கேசினி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

3.40. சேந்தன் வந்தான். அக்காவைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"சேந்தன், சத்தம் கேட்டது எத்தனை மணிக்கு?"

"ஆறு பன்னிரண்டு. எழுதியிருக்குதானே."

"எந்த மணிக்கூட்டில பாத்தனீ?"

"ஒபிஸ் மணிக்கூட்டில."

"ஊரெல்லாம் புது நேரம். வண்டி கடைசியா ஓடினது ஆறு பன்னிரண்டு எண்டு நேற்று ஒரே ஒரு இடத்திலதான் இருந்தது, இந்த லெப்டொப்பில. பொலிஸ் அதை எடுத்தது எட்டு மணிக்கு. ஏழு மணிக்கே உனக்கு அது எப்பிடித் தெரியும்?"

அவன் கண் லெப்டொப்பின் பக்கம் போனது.

"சனம் வீரய்யாவைத் தூக்கேக்கை நீ வகுப்பு வாசலுக்குப் போனனீ. வண்டி கடைசியா எப்ப ஓடினது எண்டு பாத்தனீ. பாத்ததை அப்பிடியே சொல்லிப்போட்டாய். வண்டி இரைஞ்சது எண்டும் சொன்னாய். இது இல்லாமல் எப்பிடி இரையும்?"

சிவப்பு ப்ளக்கை மேசையில் வைத்தாள்.

"நேற்றைய உன்ர சட்டையில இருந்தது."

சேந்தன் கதிரையில் உட்கார்ந்தான். "சரிவில சிக்கி நிண்டதை ரஜீவுக்குக் குடுக்கத்தான் அக்கா ப்ளக்கைப் பிடுங்கி எடுத்தனான். பிறகு களவா எடுத்த தேத்தூள் பையோட இறங்கேக்கை அந்தாள் மறிச்சது. பையைப் பிடிச்சு இழுத்துது. நான் தள்ளினனான். விழுந்திட்டுது. வண்டியை அங்கயே விட்டிட்டு ஓடிட்டன்."

"ரஜீவைக் கொழும்புக்குக் கொண்டு போனா என்ன நடக்குமெண்டு தெரியாதே உனக்கு?"

"தெரியும்," என்றான் சேந்தன்.

அதுவரை தாங்கிக்கொண்டிருந்த கேசினி அந்த ஒரு சொல்லில் உடைந்து அழுதாள்.

இப்றாஹீம் புதிய தாளில் எழுதினார். கடைசியில், ப்ளக் எங்கே கிடைத்தது என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்திட்டாள்: க. கேசினி. அதற்குக் கீழே அவன்: க. சேந்தன்.

4.05க்கு வந்த ஜீப் ஆளில்லாமல் திரும்பியது. ரஜீவ் வெளியே வந்ததும் நல்லம்மா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கேசினியிடம் ஓடி வந்தாள்.

"நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். எந்தப் பாவி செஞ்சதுங்க இத?"

கேசினி நிமிர்ந்து பார்த்தாள். "என்ர தம்பி."

நல்லம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. வாய்வரை வந்த சாபத்தை விழுங்கினாள். மகனைப் பார்த்து, "நீ முன்ன போப்பா," என்றாள். பிறகு நிலையத்து வாசற்படியில் கேசினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.