தகவல் தந்தவர்: கணவர்

காலை 9.40. பதினோரு மணிக்குக் கத்தி வைக்க வேண்டிய வயிறு, ஒரு தையல்கார அம்மாளுடையது. பெருங்குடலில் எலுமிச்சை அளவு கட்டி. புற்றுநோய்தான் என்று ஸ்கேனைப் பார்த்தவர்கள் எல்லோரும் அடித்துச் சொல்லியாயிற்று. குடலை வெட்டினால் அந்த அம்மாள் ஆயுள் முழுக்க வயிற்றில் மலப்பை கட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

ஆய்வுக்கூட டாக்டரம்மாவுக்கு மருத்துவமனையில் சிஐடி என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை. கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சதையை மூன்றாம் தடவையாக நுண்ணோக்கியில் பார்த்தார். புற்றுநோய்ச் செல் ஒன்றுகூட இல்லை. மணல் மாதிரி மஞ்சள் துகள்கள், அவற்றில் நூல் நூலாகக் கிருமி.

சர்ஜனைப் போனில் பிடித்தார்.

"இது புற்று இல்ல சார். ஆக்டினோமைசிஸ்னு அபூர்வமான கிருமி. கட்டி மாதிரியே வேஷம் போடும்."

"வாசல் திறக்காம அது உள்ள வராதே. பல்லு, பழைய ஆபரேஷன், காப்பர்-டி, எல்லாத்துக்கும் கேஸ் ஷீட்ல 'இல்லை'. வாசலைக் காட்டுங்க, நிறுத்திடறேன்."

கேஸ் ஷீட்டை வரவழைத்தார். 'இல்லை' பதினான்கு இருந்தது. அதன் முதல் வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அவர் படித்தார்.

10.15. வார்டு. கட்டிலருகே கணவர், பூட்டு ரிப்பேர்க்காரர்.

"பல்லுவலி உண்டாம்மா?"

"இல்ல டாக்டர்" என்றார் கணவர்.

"ஆபரேஷன்?"

"ஒண்ணுமில்ல. இவளுக்குத் தலைவலின்னாகூட எனக்குத் தெரியும்."

அந்த அம்மாள் போர்வை நுனியை மடித்துக்கொண்டிருந்தார்.

"கீழ ஆபீஸ்ல ஒரு கையெழுத்து வேணும். போட்டுட்டு வாங்க."

அவர் போனதும் டாக்டர் கதவைச் சாத்தினார். "இப்ப நீங்க சொல்லுங்க."

"மூணாவது குழந்தை வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார். எனக்கு உடம்புல தெம்பில்ல. சொல்லாம காப்பர்-டி வச்சுக்கிட்டேன். பதினோரு வருஷம். வயிறு வலிக்கவும் போன மாசம் எடுத்துட்டேன். அப்புறம்தான் ஸ்கேன்."

10.35. சர்ஜன் அறை. "குற்றவாளி காப்பர்-டி. ஸ்கேனுக்கு முன்னாடியே தப்பிச்சுடுச்சு" என்றார் சிஐடி.

சர்ஜன் நெற்றியைத் தடவினார். "எப்படிப் பிடிச்சீங்க?"

"முதல் வரி சார். 'தகவல் தந்தவர்: கணவர்.' நோயாளியை யாரும் கேட்கவே இல்ல."

ஆபரேஷன் ரத்தானது. ஆறு மாதம் பென்சிலின் போட்டால் போதும், குடல் தப்பிவிடும். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எப்படி வந்துச்சு டாக்டர்?" என்றார்.

டாக்டர் அந்த அம்மாளைப் பார்த்தார். கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"அவங்களைக் கேக்காதீங்க. உக்காருங்க, நான் சொல்றேன்."