கல்லோடு பிறந்த கீறல்

“இதைப் பாரு! நல்லாக் கண்ணைத் திறந்து பாரு!”

மாமியார் அந்த அட்டைப்பெட்டியை வைத்த வேகத்தில் மேசைமேல் இருந்த டீ கிளாஸ்கள் குலுங்கின. பெட்டிக்குள், பஞ்சின்மேல், ஒரு மரகதப் பதக்கம். பத்து நாளைக்கு முன்னால் கடையின் இணையதளத்தில் விற்றுப்போன பதக்கம்தான். இன்று காலை கடையைத் திறப்பதற்கு முன்பே பார்சலில் திரும்பி வந்திருந்தது.

“திரும்பி வந்ததோட போச்சுன்னா பரவாயில்ல. ஊருக்கே தமுக்கடிச்சிருக்காங்க!” செல்போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். “‘படத்தில் கண்ணாடி போலச் சுத்தமான கல். கைக்கு வந்ததோ நடுவில் கீறல் ஓடிய கல். கீறலைப் படத்தில் அழித்துவிட்டு விற்கிறார்கள். ஏமாற வேண்டாம்.’ கேட்டியா? நாம ஏமாத்துறோமாம்! முப்பது வருஷமா இந்தக் கடையில உட்கார்ந்திருக்கேன். ஒருத்தர் என்னைப் பாத்து இந்த வார்த்தையைச் சொன்னதில்ல...”

மருமகள் போனை வாங்கிப் பார்த்தாள்.

கீழே நகைக்கடை, மேலே வீடு. கடைக்குப் பின்புறம் அவள் கணவர் கல் பதிக்கும் பட்டறை. அதை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு காலத்தில் காலிப் பெட்டிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். பதினோரு வருடமாக அது மருமகளின் அறை. விற்பனை இணையத்துக்குப் போன சமயத்தில், “படமெல்லாம் யார் எடுக்கிறது?” என்ற கேள்வி வந்தபோது வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “நான் எடுக்கிறேன்” என்றவள் அவள்தான். கேமராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அன்று அவளுக்குத் தெரியாது!

நகையைப் படம் எடுப்பது லேசான வேலை அல்ல. தங்கம் எதிரே இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும்... எடுப்பவளின் முகத்தை, உடையின் நிறத்தை, மேலே எரிகிற விளக்கை. அதனால் அவள் கறுப்பைத் தவிர வேறு உடுத்துவதில்லை. நகையில் உரசிக் கோடு விழுந்துவிடக் கூடாதென்று கையில் வளையல் கிடையாது, மோதிரம் கிடையாது. “நகைக்கடை வீட்டு மருமக... பொட்டுத் தங்கம் இல்லாம கறுப்புல திரியறா. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க!” என்று மாமியார் சொல்லிக்காட்டாத வாரமில்லை. தொங்கும் சங்கிலி ஆடிவிடும் என்று விசிறி போடமாட்டாள். மோதிரத்தைத் துளி மெழுகில் நிறுத்துவாள். ஒரே தடவையில் முழுதும் தெளிவாக விழாது என்பதால் ஒரே கம்மலை, முன்பக்கம் தெளிவாக ஒன்று, உள்பக்கம் தெளிவாக ஒன்று என்று முப்பது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் இழைத்து ஒரே படமாக்குவாள். பிறகு திரையில் அதைக் கதவளவுக்குப் பெரிதாக்கினால், கண்ணுக்கே தெரியாத தூசியெல்லாம் கூழாங்கல் மாதிரி நிற்கும். ஒவ்வொன்றாக எடுப்பாள். ஒரு கழுத்து மாலைக்கு ஒரு முழுப் பகல் போய்விடும்.

அந்த வேலையில் அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். “மேல ஒட்டுனதை எடுப்பேன். கூடப் பிறந்ததை எடுக்கமாட்டேன்.” தூசி, மெழுகுக் கறை, விரல்ரேகை எல்லாம் ஒட்டியவை. முத்தின் சின்னப் பள்ளமும் மரகதத்துக்குள் ஓடும் இழையும் கூடப் பிறந்தவை. கணவர் பதித்த கல் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வோடுதான் படம் வரும். “கட்டுன புருஷன்னு ஒரு சலுகை கிடையாதா?” என்று அவர் தலையைச் சொறிவார். “கேமராவுக்கு வீட்டு ஆளு, வெளி ஆளு தெரியாதுங்க” என்று அவள் சிரிப்பாள்.

இப்போது போன் திரையில் பதக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மரகதத்துக்குள் இரண்டு ஒளிப்பொட்டுகள் அச்சு அசலாக ஒரே வடிவத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கல்லின் சுத்தமான பகுதியை நகலெடுத்து, இழை ஓடிய இடத்தின்மேல் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். புதுக்கையின் வேலை.

மெல்ல நிமிர்ந்தாள். மேசையின் கடைசியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து, டீ விரல்களில் வழிந்துகொண்டிருந்தது. சூடு உறைத்ததாகக்கூடத் தெரியவில்லை.

நாத்தனார், கணவரின் தங்கை. கட்டியவன் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பிறகு, ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள். “இனி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?” என்று தாயார் வாசலிலேயே கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கு, அவள் இரண்டு வருடம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேளாவேளைக்குத் தட்டோடு போய் அந்தக் கதவைத் தட்டியவள் மருமகள்தான். மூன்று மாதத்துக்கு முன்னால்தான், படங்களை இணையதளத்தில் ஏற்றி விவரம் எழுதும் வேலையை மாமியாரிடம் மன்றாடி அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்துதான் அவள் தலை வாரிக்கொண்டு கீழே வருகிறாள்...

“வாயில என்ன கொழுக்கட்டையா? படம் எடுத்தது நீதானே? சொல்லு!”

மருமகள் போனை மேசையில் வைத்தாள்.

“நான்தான் அத்தை அழிச்சேன்.”

எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்த கணவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். “நீயா?”

“ரொம்ப நாளா விக்காமக் கிடந்துச்சு... அதான்.”

அவர் மறுபடி கேட்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுப் பட்டறைக்கு இறங்கிப் போனார். மாமியார் போட்ட சத்தம்கூட அவளை அவ்வளவு சுடவில்லை. படிகளில் இறங்கிப்போன அந்தக் காலடிச் சத்தம்தான் சுட்டது.

அன்று மத்தியானமே அந்த அறை பூட்டப்பட்டது. சாவி மாமியாரின் இடுப்புக்குப் போனது. “நாளையிலேர்ந்து நீ கடைக் கண்ணாடியைத் துடை. அதுலயாவது எதையும் மறைக்க முடியாது!”

மாடிப்படியில் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குமுறினாள். “ஏன் அண்ணி? ஏன் இப்படிச் சொன்னீங்க? நல்லா இருக்கட்டும்னுதான் அழிச்சேன்... என்னால ஒண்ணாவது வித்துச்சுன்னு அம்மா சொல்லணும்னு... இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன்!” சொன்னாளே தவிர, கால் நகரவில்லை. கீழே தாயாரின் குரல் கேட்டதும் முகம் வெளுத்துப்போனது.

“உனக்குத் தைரியம் வர்றப்போ சொல்லு” என்றாள் மருமகள். “நீ மறுபடி அந்தக் கதவைச் சாத்திக்கிட்டா... தட்டித் தட்டி என் கை ஓஞ்சு போச்சும்மா. கண்ணாடி துடைக்கிறது அதைவிட லேசு. ஆனா ஒண்ணு, இனிமே எந்தக் கல்லுலயும் கையை வைக்காதே.”

ஐந்து வாரம் ஓடியது. தினமும் காலையில் அவள் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்தாள். கணவர் “சாப்பாடு ஆச்சா”, “கதவு சாத்தியாச்சா” என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். வெளியிலிருந்து வந்த போட்டோக்காரர் ஒரே நாளில் நாற்பது நகைகளை எடுத்துத் தள்ளினார். எல்லாம் ஜொலிஜொலி என்று ஜொலித்தன. வெளிர்நீலக் கல் கருநீலமானது, பழுப்பு முத்து பாலாக வெளுத்தது. விற்றதில் நான்கு திரும்பி வந்தன. மாமியார் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, மூடி வைத்தார்.

ஒருநாள் காலை, நர்ஸ் உடையோடு ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் கடைக்குள் வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“அந்த மரகதப் பதக்கத்தைத் திருப்பி அனுப்புனது நான்தான். இணையத்துல எழுதுனதும் நான்தான்.”

மாமியாரின் முகம் இறுகியது. “உட்காருங்க. பணம் வந்து சேர்ந்ததுல்ல?”

“அதெல்லாம் வந்துடுச்சும்மா. மனசுதான் கேக்கல.” அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். “போன வருஷம் இந்த முத்துக் கம்மலை உங்ககிட்டதான் வாங்கினேன். இடது முத்துல ஊசி குத்துன மாதிரி ஒரு பள்ளம் இருக்கு, பாருங்க. உங்க படத்துல அது பளிச்சுன்னு தெரிஞ்சது. அதுக்காகவேதான் வாங்கினேன். நான் தினமும் பாக்கிறது காயத்தைத்தான்மா. அதை மறைக்கிறவங்க யாரு, காட்டுறவங்க யாருன்னு எனக்குத் தெரியும். கோவத்துல எழுதிட்டு, அப்புறம் உங்க பழைய படமெல்லாம் ஒண்ணொண்ணா பாத்தேன். ஒண்ணுலகூட எதையும் மறைக்கல! இந்தப் படங்களை எடுத்த கை அந்தக் கீறலை அழிச்சிருக்காது. அவங்களைப் பாக்கணும்னுதான் வந்தேன்.”

கறுப்பு உடையில் துணியும் கையுமாக நின்றிருந்த மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். பட்டறை வாசலில், கையில் இடுக்கியோடு கணவர் வந்து நின்றிருந்தார்.

“அண்ணி அழிக்கல!”

கம்ப்யூட்டர் முன்னாலிருந்து நாத்தனார் எழுந்துவிட்டாள். “நான் அழிச்சேன். அண்ணி எடுத்த படத்துல கீறல் இருந்துச்சு. அந்த அசல் படம் இதோ இருக்கு, எல்லாரும் பாருங்க. அவங்க பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க. அஞ்சு வாரமா நான் கோழை மாதிரி பாத்துக்கிட்டு இருந்தேன்...”

திரையில் மரகதம் விரிந்தது. அதன் நடுவே, அந்த மெல்லிய இழை தலை முதல் கால் வரை தெளிவாக ஓடியது.

மாமியார் ஆவேசமாக மகளை நோக்கிப் போனார். “மறுபடியும் என் தலையைக் குனிய வெச்சிட்டியேடி!” ஓங்கிய கைக்குக் குறுக்கே மருமகள் வந்து நின்றாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

“இந்தக் கைக்குப் பயந்துதான் அத்தை அவ அன்னிக்கு வாயைத் திறக்கல. இந்த வார்த்தைக்குப் பயந்துதான் நான் வாயைத் திறந்தேன்!”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல, தானாகவே கீழே இறங்கியது. மாமியார் பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

கணவர் அருகில் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. “நான் கோணலாப் பதிச்ச கல்லைக்கூட நீ நேராக்குனதில்ல... அது தெரிஞ்சும் நம்பிட்டேனே! என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றாள் அவள்.

அவர் கையிலிருந்த இடுக்கியைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தார்.

நர்ஸம்மா சங்கடத்தோடு எழுந்தார். “நான் எழுதுனதை இன்னிக்கே அழிச்சிடறேன்மா.”

“வேண்டாம்!” மாமியார் கையை உயர்த்தித் தடுத்தார். “அழிக்காதீங்க. நடந்தது நடந்ததுதான். அதுக்குக் கீழ நாங்க பதில் எழுதுறோம்.”

என்ன எழுதுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நாத்தனாரே தட்டினாள்: ‘படத்தில் கீறலை அழித்தது நான். படம் எடுத்தவர் அல்ல. மன்னிக்கவும்.’ எழுதி முடித்துத் தாயாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் அவளைத் தன் பக்கம் இழுத்து, அவள் தலையில் கையை வைத்தார். அவ்வளவுதான். அதற்கே அவள் குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதாள்.

மறுநாள் காலை, பூட்டியிருந்த அறையை மாமியாரே திறந்தார். சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் உள்ளே வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். “நீ உன் வேலையைப் பாரு. நான் சும்மா இருக்கேன்.”

மருமகள் ஒரு மோதிரத்தை எடுத்தாள். மெழுகில் நிறுத்தினாள். விளக்கைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள், தங்கத்தின் விளிம்பு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினாள், நகர்த்தினாள், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு படம், இம்மி நகர்த்தி இன்னொரு படம். ஒரு மணி நேரமாகியும் அதே மோதிரம்தான். மாமியாரின் கழுத்தில் வேர்வை ஓடியது.

“விசிறி போட்டுக்கக் கூடாதா?”

“எல்லாம் ஆடும் அத்தை.”

“பதினோரு வருஷமுமா?”

அவள் திரையில் மோதிரத்தைப் பெரிதாக்கினாள். கல்லைப் பிடித்திருந்த ஒவ்வொரு கொக்கியும், மகனின் உளி பட்ட ஒவ்வொரு தடமும் மாமியாரின் கண்முன்னால் எழுந்து நின்றன. அத்தனையின்மேலும் தூசி கிடந்தது. அவள் ஒன்று, இரண்டு, நூறு என்று பொறுமையாக எடுத்துக்கொண்டே போனாள். தூசி போகப் போக, மோதிரம் அதன் சொந்த முகத்தோடு வெளியே வந்தது.

“முப்பது வருஷமா நகை விக்கிறேன்...” மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒரு நகையை இப்படி ஒருநாளும் நான் பாத்ததில்லம்மா. நாலு எட்டு வெச்சா இந்த ரூம். ஒருநாள்கூட எட்டிப் பாக்கல. பாக்காமயே பூட்டுனேனே... பாவி நான்!”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க அத்தை...” என்று எழுந்தவளை அவர் இறுக்கிக் கட்டிக்கொண்டார். மூளியான அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். மருமகளுக்கு ஐந்து வாரமாக அடைத்துக்கொண்டிருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. மாமியாரின் தோளில் முகம் புதைத்து, வாய்விட்டு அழுதாள்.

கதவு மெல்லத் திறந்தது. கணவர் இரண்டு கிளாஸ் டீயோடு, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தார்.

“நான்... வரலாமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வாங்க. கதவைச் சாத்திட்டு வாங்க... தூசி வருது!”