தண்ணீர் தங்காத வீடு

குளியலறைத் தரையில் ஊற்றிய தண்ணீர் போன வேகம்தான் செம்மலுக்கு முதலில் பிடிக்கவில்லை.

பதினாறு வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறவன். மீமிசலிலிருந்து கோட்டைப்பட்டினம் வரைக்கும் கடற்கரைச் சாலையோர வீடுகளில் பாதிக்கு மேல் அவன் கை பட்டவை. கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: தண்ணீர் போகமாட்டேன் என்கிறது, தேங்கி நிற்கிறது, நாறுகிறது. பிரகதாம்பாள் போனில் சொன்னது அதுவல்ல. "தண்ணி தங்க மாட்டேங்குது. வந்து பாரு." என்ன தண்ணீர், எந்த இடம் என்று அவன் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. ஐப்பசி மழை அப்போதுதான் பெய்து ஓய்ந்திருந்தது. உப்புக்காற்றில் ஈரச் சுவர்களின் காரை வாடை வந்தது. கதவைத் திறந்த பிரகதாம்பாளுக்கு அறுபது வயதிருக்கும். வாங்க என்று சொல்லவில்லை. அவன் செருப்பையும் தோள்பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செருப்ப அங்கிட்டுப் போடு. சொவத்துல கை வைக்காத. பின்னாடி இருக்கு, போ."

வீட்டுக்குள் ஒன்றுமே இல்லை. நாற்காலி, பாய், கொடித் துணி எதுவும் இல்லை. சுவரில் ஆணிகள் இருந்தன, ஆணிகளில் படங்கள் இல்லை. அடுப்படி மேடையில் ஒரே ஒரு சில்வர் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. காலி செய்யப்போகும் வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே செம்மல் பின்கட்டைத் தாண்டிக் குளியலறைக்குப் போனான். மழைச் சாரலுக்குத் தாங்கட்டும் என்று இரும்புத் தகடு அடித்த கதவு. மேலே கம்பி போட்ட சிறு ஜன்னல். தரை மூலையில் துளைபோட்ட எவர்சில்வர் மூடி.

வாளியிலிருந்து ஒரு மக்கு தண்ணீர் மொண்டு ஊற்றினான்.

சாதாரணமாகத் தண்ணீர் பரவும், தயங்கும், சுழித்துப் போகும். இது நேராக ஓடியது. மூடியின் துளைகளில் விழுந்தது. *மடக்*. ஒரே சத்தம். அதோடு சரி.

மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். தரை ஓட்டைக்குக் கீழே கிண்ணம்போல ஒரு வளைவு இருக்கும், அதை ட்ராப் என்பார்கள். அதில் எப்போதும் நாலு விரற்கடை தண்ணீர் நிற்கவேண்டும். அந்தத் தண்ணீர்தான் வீட்டுக்கும் கழிவுத் தொட்டிக்கும் நடுவே உள்ள கதவு. அது வற்றிப்போனால் தொட்டியின் நாற்றமும் கரப்பானும் நேரே மேலே ஏறி வரும். இந்த ட்ராப் உலர்ந்து கிடந்தது. துடைத்து வைத்ததுபோல உலர்ந்திருந்தது. ஆனால் நாற்றம் இல்லை. குனிந்து மோந்தபோது முகத்தில் வெதுவெதுப்பு மட்டும் பட்டது. தூங்கி எழுந்தவர் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தால் வருகிற வெதுவெதுப்பு.

செம்மல் முகத்தை எடுத்துக்கொண்டான்.

"எத்தனை நாளாம்மா இப்புடி?"

"நீ வேலையப் பாரு." அவள் குளியலறை வாசலிலேயே நின்றாள். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை.

"இல்லம்மா, கேட்டாத்தானே தெரியும். ஆசிட் கீசிட் ஏதும் ஊத்துனீங்களா? ஆசிட் ஊத்துனா பைப் வெடிச்சுரும்."

"ஊத்துனேன். பாட்டில் பாட்டிலா ஊத்துனேன்."

"என்னாச்சு?"

"குடிச்சிருச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

ட்ராப்பில் தண்ணீர் நிற்காததற்குக் காரணம் மூன்றுதான். எல்லா வீட்டிலும் அவன் சொல்வது இதைத்தான். ஒன்று, காற்றுக்குழாய் இல்லாமல் இருக்கும். கக்கூஸில் ஒரு வாளி கவிழ்க்கும்போது குழாய் மூச்சுக்குத் தவித்து ட்ராப் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே போய்ப் பார்த்தான். காற்றுக்குழாய் மொட்டைமாடி வரைக்கும் நேராக நின்றது, தொப்பியோடு. இரண்டாவது, வளைவில் முடியோ நூலோ தொங்கிக்கொண்டிருக்கும். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுகிற மாதிரி அது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கடத்திவிடும். கொக்கிக் கம்பியை விட்டுத் துழாவினான். ஒரு முடி வரவில்லை. பெண் ஒருத்தி வருடக்கணக்கில் குளிக்கிற அறை, ஒரு முடிகூட வரவில்லை. மூன்றாவது, ட்ராப்பில் விரிசல் விட்டிருக்கும். அப்படியானால் சுவருக்கு வெளியே அடிமண் சேறாகக் கிடக்கவேண்டும். மழை நனைத்த மேல்மண்ணைக் கம்பி நுனியால் கிளறினான். அடியில் பொடிமணல்.

காரணங்கள் தீர்ந்துவிட்டன.

கொல்லையில் குளியலறையிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் சேம்பர் இருந்தது. வீட்டுக் கழிவெல்லாம் வந்து விழுந்து தொட்டிக்குப் போகும் சதுரக் குழி. சிமெண்ட் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினான். சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலக்கி ஒரு வாளி அவளிடம் கொடுத்து, தான் குரல் கொடுத்ததும் வாசலிலிருந்தே ஊற்றச் சொல்லியிருந்தான். நீலம் எங்கே வந்து விழுகிறது என்று பார்த்தால் போதும், குழாய் எங்கே போகிறதென்று தெரிந்துவிடும். பழைய வித்தை, பொய்க்காத வித்தை.

"ஊத்துங்கம்மா!"

வாளி கவிழும் சத்தம் கேட்டது. *மடக். மடக். மடக்.* குழியின் ஓரத்தில் குந்தியிருந்தான். நிமிடம் ஒன்று. இரண்டு. சேம்பரின் அடியில் சிலந்தி வலை. வலை ஆடவில்லை. ஈரமே காணாத சேம்பர் அது. கட்டிய நாளில் பூசிய சிமெண்ட் இன்னும் வெளிறிப்போய் இருந்தது.

இந்த வீட்டுத் தண்ணீர் ஒரு நாளும் இங்கே வந்ததில்லை.

அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் அவள் பின்கட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் தெரியாமத்தான் வந்தியா? போன தடவ வந்தவனும் இப்புடித்தான் குழியப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தான்."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வண்டியிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துவந்தான். அடைப்பெடுக்கும் நீளக் கம்பிச்சுருள், ஐம்பது அடி. பத்து வருடத்துச் சளியும் துருவும் ஏறிக் கறுத்துப்போனது. எவ்வளவு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாத கறுப்பு. நுனியை ட்ராப்புக்குள் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினான்.

போனது.

பன்னிரண்டு அடியில் சேம்பரில் தலை நீட்டியிருக்கவேண்டும். இருபது அடி. முப்பது. முட்டவில்லை, உரசவில்லை, வளைவில் திணறவில்லை. எண்ணெயில் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு போனது. நாற்பதில் அவன் சுற்றுவதை நிறுத்தினான். ஸ்பிரிங் நிற்கவில்லை. ஒரு அடி. இன்னொரு அடி. அவன் கைக்குள்ளிருந்து மெதுவாக, அவசரமே இல்லாமல், உள்ளே போய்க்கொண்டிருந்தது.

காலைச் சுவரில் உதைத்து இழுத்தான். உள்ளே இருந்தது சட்டென்று விட்டுவிட்டது. மல்லாந்து விழுந்தவன் எழுந்து பைத்தியம்போல இழுத்து இழுத்துச் சுருட்டினான். கடைசி அடியும் வெளியே வந்தபிறகுதான் கையைப் பார்த்தான். கையில் கறை இல்லை.

ஸ்பிரிங் பளபளத்தது. நுனியிலிருந்து அடிவரை, ஒவ்வொரு சுற்றின் இடுக்கும், கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோலப் பளபளத்தது. துரு இல்லை. சளி இல்லை. ஈரமும் இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

"அம்மா." ஸ்பிரிங்கைக் கீழே வைத்தான். "இது நம்ம தனியாப் பாக்குற வேல இல்லம்மா. தரைய ஒடச்சுத்தான் பாக்கணும். நாளைக்கு ஆளோட வாரேன்."

"நாளைக்கா?" என்றாள் பிரகதாம்பாள்.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் இரும்பில் உரசி விழுந்தது.

ஒரு கணம் அவனுக்கு விளங்கவில்லை. காற்றுக்குச் சாத்திக்கொண்டதாக நினைத்துத் தள்ளினான். பிறகு தட்டினான். பிறகு உதைத்தான்.

"ஏய்! கதவத் தொற! என்ன நெனச்சுக்கிட்டு இருக்க நீ?"

"தண்ணி நிக்கட்டும். தொறக்குறேன்." தகட்டுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் வெகு அருகில் கேட்டது. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு பேசுகிறாள் போலிருந்தது. "எல்லாம் குடுத்துட்டேன். என்ட்ட ஒண்ணும் மிச்சம் இல்ல. சோறு எறங்கல, தூக்கம் இல்ல. நீ குடு. ஒன்ட்ட இருக்குறதக் குடு."

"எதக் குடுக்கச் சொல்ற?"



போனை எடுத்தான். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. கையை உயர்த்தி ஜன்னல் கம்பிவரை நீட்டினான். அரைக்கோடு வந்தது, போனது. வீட்டில் சத்யா நாலு மணிக்கு மேல் ஒருமுறை கூப்பிடுவாள், எங்கே இருக்கிறான் என்று கேட்பாள். எந்த வீட்டுக்குப் போகிறேன் என்று இன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. வெளியே மறுபடியும் மழை பிடித்தது. ஜன்னல் வெளிச்சம் சாம்பல் நிறமானது.

அப்போது கேட்டது. கீழே, வெகு கீழே, தண்ணீர் வரும் சத்தம்.

போகும் சத்தமல்ல. வரும் சத்தம். பாறைக்கடியில் ஓடை புரள்வதுபோலத் தொடங்கி, குழாய்க்குள் ஏறி, நெருங்கி, மூச்சுவிட்டு, மெல்ல அடங்கியது. டார்ச்சை அடித்தான். ட்ராப்பில் தண்ணீர் நின்றது. தெளிந்த தண்ணீர், நாலு விரற்கடை, அலையில்லாமல். எந்தப் புது வீட்டிலும் தண்ணீர் அத்தனை சரியாக நின்று அவன் பார்த்ததில்லை.

"நின்னுருச்சு!" கதவை இரண்டு கையாலும் அடித்தான். "அம்மா, தண்ணி நின்னுருச்சு! வந்து பாருங்க! தொறங்கம்மா!"

வெறும் வீட்டில் காலடிகள் கேட்டன. கதவை நோக்கி வரவில்லை. பின்கட்டு, கூடம், வாசல். முன்கதவு திறந்தது. பூட்டில் சாவி சுழன்றது. மழையில் கேட் இழுபடும் ஓசை. அப்புறம் மழை மட்டும்.

பின்னால் தண்ணீர் அசைந்தது.

அவன் திரும்பவில்லை. திரும்பாமலிருந்தால் எதுவும் இல்லாமல் போகும் என்பதுபோலக் கதவுத் தகட்டில் துருப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஈரமான ஏதோ தரையில் படும் மெல்லிய சத்தம். ஒன்று. இன்னொன்று.

திரும்பினான்.

ஓட்டையிலிருந்து ஒரு கை வந்திருந்தது. முழங்கை வரைக்கும். நெடுநாள் நீரில் ஊறியதன் வெளுப்பு. புறங்கையில் ரோமம் இல்லை. அது எதையும் பிடிக்கவில்லை, தாவவில்லை. தரையில் சாய்ந்து, மல்லாந்து, விரல்களை விரித்துக்கொண்டு காத்திருந்தது. கொடுப்பதை வாங்கிக்கொள்ள நீட்டிய கை. உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை.

செம்மலின் முதுகு கதவில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை நீட்டியபடியே இருந்தது. பிறகு விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன. கொடு.

பையைக் காலால் இழுத்துப் பைப் ரெஞ்ச்சை எடுத்தான். எட்ட நின்று, அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் வைத்தான்.

விரல்கள் மூடின. ரெஞ்ச்சை மெதுவாகத் தடவிப் பார்த்தன, பல், திருகு, கைப்பிடி. பிறகு சுவரோரமாக வைத்தன. சத்தம் எழாமல், நேராக. கை மறுபடி விரிந்தது.

திருப்புளியைக் கொடுத்தான். தடவிப் பார்த்தது. ரெஞ்ச்சின் பக்கத்தில் வைத்தது.

ஆக்ஸா பிளேடு. கொக்கிக் கம்பி. கொட்டாப்புளி. பசை டப்பா. பளபளக்கும் ஸ்பிரிங்கைச் சுற்று சுற்றாக வாங்கி, வட்டமாகச் சுருட்டி, அதையும் ஓரமாக வைத்தது. ஒவ்வொன்றும் ஒரு சாண் இடைவெளியில். ஒவ்வொன்றும் அவன் பக்கம் கைப்பிடி வைத்து.

பை காலியானது. பையையே கொடுத்தான். மடித்து வைத்தது.

வண்டிச் சாவி. இடுப்புப் பெல்ட். சட்டைப் பையிலிருந்த பேனா. டார்ச்.

டார்ச் அவனைப் பார்த்தபடி தரையில் எரிந்தது. சுவரில் அந்தக் கையின் நிழல் கூரைவரை நின்றது.

கடைசியாகப் போன். கொடுக்கக் குனிந்த நேரத்தில், உள்ளங்கையில் அது விழுந்த அதே நேரத்தில், சிக்னலே இல்லாத போனில் மணி அடித்தது. திரையில் சத்யா என்று எழுத்து ஒளிர்ந்தது. வெளுத்த விரல்களை அந்த வெளிச்சம் ஊடுருவியது. உள்ளே எலும்பு இல்லை. பெருவிரல் திரைமேல் மெல்ல ஊர்ந்தது. மணி நின்றது. போனைக் குப்புறத் திருப்பி, வரிசையின் கடைசியில் வைத்தது.

கொடுக்க ஒன்றுமில்லை என்று காட்ட, செம்மல் வெறும் கைகள் இரண்டையும் அதன் முன்னால் விரித்தான்.

தரையில் கிடந்த கை, அந்தக் கைகளின் பக்கம் மெதுவாகத் திரும்பி, விரல்களை இன்னும் கொஞ்சம் அகல விரித்தது.