வாசலோடு நிற்பது

யாரோ நகத்தால் மரத்தைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். பெரியவள் கம்ப்யூட்டர் விளையாட்டை நிறுத்தினாள், சத்தமும் நின்றது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் முனகியது, ஜன்னல் தகரத்தில் மழை விட்டு விட்டுச் சொட்டியது, பக்கத்து அறையில் தூங்கும் தங்கையின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. சுரண்டல் மட்டும் இல்லை. விளையாட்டுக்குள் இருந்துதான் வந்திருக்கிறது. நல்ல சத்தம்தான் என்று ஒப்புக்கொண்டாள், ஒப்புக்கொண்டதற்காகத் தன் மீதே எரிச்சல்பட்டாள்.

அந்த விளையாட்டு சின்னவள் செய்தது. வருடக்கணக்கில் அறையைவிட்டு வராமல் தனியாளாக உட்கார்ந்து செய்த திகில் விளையாட்டு. ஆடுபவர் ஒரு சிறுமி; பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். துப்பாக்கி, கத்தி எதுவும் கையில் கிடையாது. ‘அது’ வரும்போது ஒளிய வேண்டும், மூச்சை அடக்க வேண்டும், விடியும்வரை பிழைத்திருக்க வேண்டும். பெரியவள் வேலை பார்க்கும் கம்பெனிதான் அதை வெளியிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அங்கே அவள் டெஸ்டர். ஊரார் செய்த விளையாட்டுகளில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுவதற்குத்தான் சம்பளம். இதன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று இன்றைக்குள் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார் மேனேஜர். அவள் வேண்டாம் என்றால் அந்த விளையாட்டு அத்தோடு சரி.

“நீ பார்த்தா போதும்க்கா, வேற யாரு பார்க்கணும்?” என்று சிரித்துவிட்டு மத்தியானம் படுக்கப் போனாள் சின்னவள். அந்த நம்பிக்கையைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை. அவளும் ஒரு காலத்தில் விளையாட்டுகளுக்குக் கதை எழுதிக்கொண்டு அலைந்தவள்தான். ஒருவரும் சீண்டவில்லை.

பலம் என்று எழுத நிறைய இருந்தது. கஷ்டமே அதுதான். பார்த்தாலே மூக்கில் வாடை ஏறும் ஈரச் சுவர்கள். ‘அது’ நெருங்க நெருங்கச் சிறுமியின் நெஞ்சு அடித்துக்கொள்வது காதுக்குள் உரக்கக் கேட்கும். திரும்பிப் பார்க்காமலே எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேல் அம்மாவின் குரல். அம்மா இறப்பதற்கு முன் சின்னவள் எப்போதோ பதிவு செய்து வைத்திருந்தது. விளையாட்டில் சாத்திய சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்கும்: “கண்ணு, தூங்கிட்டியா?”

அம்மா சின்னவளை மட்டும்தான் கண்ணு என்பாள். இவள் எப்போதும் பெரியவள்தான். இன்று முதல் தடவையாக அந்தக் குரல் இவளைக் கண்ணு என்றது, அதுவும் ஆள் மாறாட்டத்தில். கண் கலங்கியது. கலங்கின சூட்டோடு வயிறும் எரிந்தது.

கடைசியில் ஒரு குறை சிக்கியது. ‘அது’ உயரமான, ஒடிசலான உருவம். அறை வாசலில் வந்து நிற்கும். கட்டைவிரல் நகத்தால் கதவு நிலையைச் சுரண்டியபடி, படுத்திருக்கும் சிறுமியைப் பார்க்கும். பிறகு போய்விடும். எத்தனை தடவை ஆடினாலும் வாசலைத் தாண்டுவதில்லை. முதலில் பயத்தில் உயிர் போகிறது, போகப் போகக் கொட்டாவி வருகிறது. ‘எதிரி ஒன்றும் செய்வதில்லை’ என்று சந்தோஷமாகவே தட்டினாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த சின்னவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

“எப்படிக்கா இருக்கு?”

“பரவாயில்ல. ஆனா அது ஏன்டி உள்ள வரவே மாட்டேங்குது?”

“வராதுக்கா. ஆசை இருக்கும், மனசு வராது. அதான் கதையே.”

“பேய்க்கு என்னடி மனசு?”

சின்னவள் சிரித்தாள். “சின்ன வயசுல நீ என் ரூம் வாசல்ல வந்து நிப்பியே, ஞாபகம் இருக்கா? கதவைச் சுரண்டிக்கிட்டே பார்ப்ப. நான் தூங்கற மாதிரி நடிப்பேன். கொஞ்ச நேரத்துல நீ பாட்டுக்குப் போயிடுவ.” டம்ளரைக் கழுவி வைத்தாள். “செம பயமா இருக்கும். அதைத்தான் போட்டேன். கோவமா?”

“சேச்சே, எனக்கென்ன கோவம்? போய்ப் படு.”

“கொஞ்ச நேரம் கழிச்சு எழுப்பிவிடுக்கா.”

பெரியவளுக்கு ஞாபகம் இருந்தது. இருட்டும், நிலையின் வழவழப்பும், கையில் தலையணையோடு நின்றதும்கூட ஞாபகம் இருந்தது. தலையணை எதற்கு என்று மட்டும் அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட சின்னவள் கடைசியில் இந்தப் பொறாமையையும் எடுத்துக்கொண்டு போய், அதையும் இவளைவிட அழகாகச் செய்துவிட்டாள்.

டெஸ்டர்களுக்கென்று அந்த விளையாட்டில் தனி மெனு இருந்தது. எதிரியின் வேகம், பார்வை எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கலாம். கடைசி வரியில் ‘வாசல் தாண்டலாமா?’ என்று இருந்தது. ‘இல்லை’ என்பதை ‘ஆம்’ என்று மாற்றினாள்.

மறுபடி ஆட்டம். சிறுமியின் கட்டிலில் படுத்து, போர்வை விளிம்பு வழியாக அறை வாசலைப் பார்த்துக்கொண்டு, மழையும் ஃப்ரிட்ஜும் தன் மூச்சும் எது எதுவென்று பிரிக்க முடியாமல் கலந்து ஓடுவதைக் கேட்டுக்கொண்டு, அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. நேரம் போனது. வாசல் காலியாகவே இருந்தது.

“கண்ணு,” என்றாள் அம்மா. “கதவைச் சாத்திக்கோ.”

இத்தனை தடவை ஆடியதில் இந்தப் பேச்சு வந்ததே இல்லை. கதவைச் சாத்த எழுந்தாள்.

எந்தக் கதவை?

சுரண்டல் கேட்டது. ரொம்பப் பக்கத்தில். கட்டைவிரல் வலித்தது. நகத்துக்கடியில் பெயின்ட் துகள். விரலுக்குக் கீழே, கதவு நிலை. தங்கையின் அறை.

காதில் ஹெட்போன் இல்லை. இன்னொரு கையில் தலையணை இருந்தது. எப்போது எடுத்தாள்?

போய்விடலாம். எப்போதும் போய்விடுகிறவள்தானே. ஒரு காலைத் தூக்கினாள். அது வாசலுக்கு உள்ளே ஊன்றியது.

கூடத்து மேசை மேல் கிடந்த ஹெட்போனிலிருந்து சிறுமியின் நெஞ்சுத்துடிப்பு கேட்டது. அடுத்த அடி வைத்தாள். துடிப்பு கூடியது. இன்னொரு அடி. இன்னும் உரக்க. இப்போது கூடம் முழுக்க அதுதான் கேட்டது.

கட்டிலில் சின்னவள் அசையவில்லை. மூச்சு சீராக வந்தது. ரொம்பச் சீராக. இறுக்கி மூடிய இமைகள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன.