சுத்தமான சீசா

திரையில் தட்டையாகக் கிடக்க வேண்டிய கோடு, நடுவில் ஓரிடத்தில் மெல்லத் தலைதூக்கியிருந்தது.

அவள் புள்ளியியல் படித்தவள். சுற்றுச்சூழல் நஞ்சியலுக்கென்று பல துறை மாணவர்களையும் ஒன்றாகப் போட்டுப் பழக்கும் ஆராய்ச்சிப் பயிற்சி அது. மூன்று மாதம் வேதியியல் கூடத்தில் குப்பை கொட்டியாக வேண்டும். சாய ஆலையை ஒட்டிக் குடியிருக்கும் தாய்மார்களின் பாலில் விஷம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. விஷம் இருந்தால் திரையில் கோடு எழும். ஒப்பிட்டுப் பார்க்க, விஷம் அண்டாத பால் ஒரு சீசா வேண்டும். கூடத்தில் கைக்குழந்தைக்காரி அவள் ஒருத்திதான். வீடோ ஊரின் மறுகோடியில். ஆலைக் காற்றுகூட எட்டாது. யோசிக்காமல் தன் பாலையே கொடுத்துவிட்டாள். ‘சுத்தம்’ என்று எழுதி ஒட்டியதும் அவள்தான். தலைதூக்கியது அந்தச் சீசாவின் கோடு.

முந்தைய பாலின் மிச்சம் இயந்திரத்தின் ஊசியில் ஒட்டியிருக்கும் என்றார் வேதியியல் சீனியர். கழுவினாள். வெறும் தண்ணீரை ஓட்டினாள். கோடு சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. தன் சீசாவை மறுபடி வைத்தாள். இயந்திரம் முனகி முனகி ஒரு துளியை உள்ளிழுத்தது, கரைப்பானின் தித்திப்பு வாடை மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கியது. கோடு முன்னைவிட உயரமாக எழுந்தது.

மதியம் புதிதாகப் பீய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். கோடு திரையின் உச்சியை முட்டியது. ஆலையோரத் தாய்மார்களின் கோடுகள் எல்லாம் அதன் காலடியில் கிடந்தன.

“அப்படி என்னதான் சாப்பிடுற வீட்ல?” என்று சீனியர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள். பீய்ச்சி ஃபிரிட்ஜில் எடுத்து வைத்த பாலைக் கொடுக்காதே என்று சொல்வதற்குள் கணவன் முந்திக்கொண்டான்.

“ரெண்டு பாட்டிலும் காலி. குடிச்சிட்டு அசையாம தூங்குறா.”

ஓடினாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கம்பிக் கட்டிலில் குழந்தை. கன்னத்திலிருந்து தலையணைக்குப் பால் வழிந்திருந்தது. அதைத் தேடி வந்த எறும்புகள். நீள வரிசை. ஒன்றுகூட நகரவில்லை.

குழந்தை கண் திறந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி அழுதது.

“பசி போல. தூக்கு,” என்றான் கணவன்.

அவள் தூக்கவில்லை. அந்த அழுகைக்கு மார்பு கனத்தது. இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். பால் நிற்கவில்லை. விரலிடுக்கில் சூடாக வழிந்தது. தரையில் சொட்டியது.

கம்பியைப் பற்றிக்கொண்டு, வாயை அகலத் திறந்தபடி, குழந்தை முதல் முறையாக எழுந்து நின்றது.